நல்ல பக்கம் கீழே

ஆறு பிணங்களும் ஒரு சோன்பப்டி டப்பாவில் வந்து சேர்ந்தன.

தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தவர் பாலசந்திரன். தேவிகாபுரம் ரோட்டிலுள்ள ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் வாத்தியார். டப்பாவை மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்து, இரண்டடி பின்வாங்கி நின்றார். உள்ளே தீப்பெட்டி அகலத்தில் ஆறு பச்சைத் தகடுகள். ஆறும் கருகியிருந்தன. பிளாஸ்டிக் தீய்ந்த வாடை அறையை ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியாகக் கீழே ஜெராக்ஸ் கடைக்கு இறங்கியது.

"ஸ்வீட்டுன்னு நெனச்சி மூணு காபி சொல்லிட்டேன் சார்," என்றான் இளவரசன். "சொன்ன காபி கேன்சல் ஆவாது. குடிச்சிகினே அழுவலாம்."

"அவன் அப்படித்தான். நீங்க உக்காருங்க," என்றார் கனகவதி.

கனகவதி இருபது வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்து, எது தானாக எரிந்தது, எது எரிய வைக்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்தவர். வேலையை விட்ட பிறகும் அந்தப் பார்வையை விடவில்லை. ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியைப் பிடித்து, துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிவிட்டார். இளவரசன் அதற்கு முன்னால் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தவன். கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டத்திடம், "கலரு பொண்ணுக்கு எடுப்பா இருக்குது, மாப்ளதான் மேட்ச் ஆவல," என்று சொன்ன அன்றைக்கு அந்த உத்தியோகம் முடிந்தது.

"இது பிசிகல் கம்ப்யூட்டிங் கிளாஸ் மேடம்," என்று ஆரம்பித்தார் பாலசந்திரன். "திரைக்குள்ள இருக்கிற கணக்கை வெளியில இருக்கிற விளக்கு, மோட்டார், மணி இதுங்களோட சேர்க்கிற பாடம். பசங்க கையால தொட்டுச் செய்யறது."

"அப்ப மத்த கம்ப்யூட்டர்லாம் ஆவியா சார்?" என்றான் இளவரசன்.

பாலசந்திரன் அதைக் காதில் வாங்கவில்லை. "இந்த வருஷம் நெல் மூட்டைக்குள்ள ஈரம் எவ்வளவுன்னு சொல்ற கருவி. ஏழு பேருக்கும் ஒரே மாதிரி போர்டு வாங்கிக் கொடுத்தேன். மலிவா வந்ததுல, பிளஸ் எது மைனஸ் எதுன்னு அதுல அச்சடிக்கல. அதனால கண்டுபிடிக்கிறவங்க கண்டுபிடிச்சி, படம் வரைஞ்சி கூட்டுப் பையில போடுங்கன்னேன்."

"கூட்டுப் பையா?"

"ஆன்லைன்ல ஒரு இடம் மேடம். படிச்சது, வரைஞ்சது, எழுதின புரோகிராம், மிஞ்சின சாமான், எல்லாத்தையும் அதுல போடணும். யார் வேணா எடுத்துக்கலாம்."

"ஒருத்தன் எழுதினத இன்னொருத்தன் பாத்து எழுதறதுக்கு நாங்க படிக்கறப்ப வேற பேரு இருந்திச்சி சார்," என்றான் இளவரசன். "பெஞ்சு மேல ஏத்துவாங்கோ."

அன்புச்செல்வி என்ற மாணவிதான் பிளஸ், மைனஸ் கண்டுபிடித்துப் படம் போட்டவள். மற்ற ஆறு பேரும் அந்தப் படத்தைப் பார்த்து ஒயர் வைத்தார்கள். ஆறும் எரிந்தன. ஏழாவது போர்டு மட்டும் ஜம்மென்று வேலை செய்கிறது. ஏழாவது அன்புச்செல்வியுடையது.

"இதுல வில்லங்கம் என்னன்னா," பாலசந்திரன் குரல் இறங்கியது, "நாளைக்குக் காலையில செய்யாறு கம்பெனிக்காரங்க வர்றாங்க. கருவியை ஓட்டிக் காட்டறவங்கள்ல ஒருத்தரைத்தான் வேலைக்கு எடுப்பாங்க. மத்தவங்களைக் கவுக்கத்தான் அவ தப்பாப் படம் போட்டான்னு சுதாகர்னு ஒரு பையன் புகார் எழுதிக் கொடுத்துட்டான். தாளாளர் அவ பேரை அடிச்சாச்சு. நான் கெஞ்சினதுல, சாயங்காலத்துக்குள்ள ஏதாவது ஆதாரம் இருந்தா கொண்டான்னு சொல்லியிருக்கார். அந்தப் பொண்ணு வீட்டுல இதுவரைக்கும் மாசச் சம்பளம்னு ஒண்ணு வந்ததில்ல மேடம்."

கனகவதி ஒவ்வொரு தகடாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஐந்தின் நடுவே வெள்ளையாக ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடு உட்கார்ந்திருந்தது. பாதி உருகிப்போன ஈர சென்சார். பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. ஆறாவதில் அந்த இடம் மொட்டையாக இருந்தது.

"இந்த சென்சார் ஆரணியில கிடைக்குமா?"

"போர்டு லேப்ல இன்னும் கொஞ்சம் இருக்கு, சென்சார்தான் சென்னையிலேர்ந்து வரணும் மேடம். நாளைக்குள்ள வராது."

கனகவதி ஆறாவது தகட்டை மட்டும் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "கிளம்பலாம். பொழுது சாயறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும். இருட்டினா எங்க வீட்டுல அடுப்பு கிடையாது."

"மேடம் ஜைனருங்க சார்," என்று இளவரசன் விளக்கம் கொடுத்தான். "கொலைகாரனா இருந்தாலும் அஞ்சரைக்குள்ள மாட்டிக்கணும்."

"நானும் ஜைனர்தான்," என்றார் பாலசந்திரன்.

"அப்ப ஜல்தி கெளம்புங்க. ரெண்டு பேரு பட்டினிக்கு நான் ஜவாப்தாரி ஆவ முடியாது."

*

அன்புச்செல்வி லேப் மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, அழுத முகத்தைக் கழுவியும் முடித்திருந்தாள்.

"நான் சரியாத்தான் வரைஞ்சேன் மேடம்."

"ஆறு பேருது எரிஞ்சிருக்கே?"

"நான் சரியாத்தான் வரைஞ்சேன்."

பட்டுக்கடையில் இப்படி ஒரு ரகம் வருவதுண்டு. முதலில் சொன்ன விலையைவிட்டு ஒரு இம்மி ஏறவும் மாட்டார்கள், இறங்கவும் மாட்டார்கள். அவர்களோடு பேசிப் பயனில்லை, ஒன்று பில் போடணும், இல்லை புடவையை மடிக்கணும் என்பது இளவரசனின் அனுபவம்.

நிலா என்ற இன்னொரு மாணவி தன் செல்போனில் கூட்டுப் பையைத் திறந்து காட்டினாள். நோட்ஸ் எல்லாம் தமிழில் எழுத வேண்டும் என்பது பாலசந்திரன் போட்ட விதி. படம் சுத்தமாக இருந்தது. தகட்டின் ஓரத்தில் இரண்டு ஓட்டை; இடது ஓட்டையில் சிவப்பு ஒயர், வலது ஓட்டையில் கருப்பு ஒயர். படத்தின் அடியில் மூன்றே சொல்: நல்ல பக்கம் கீழே.

"இதை என்னன்னு எடுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் கனகவதி.

"மேல இருக்கறது ரஃப், நல்லா வரைஞ்ச பக்கம் கீழ இருக்குதுன்னு மேடம். அதனால கீழ தள்ளிகினே போனோம். காலியா இருந்திச்சி. போட மறந்துட்டா போலன்னு மேல வந்து, ரஃபையே பாத்துப் போட்டுட்டோம்."

"அஞ்சடி தள்ளி உக்காந்துகினு இருக்கற பொண்ண ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றான் இளவரசன்.

"ஆன்லைன்ல போட்டத நேர்ல போய்க் கேட்டா நல்லா இருக்காதுங்கண்ணா."

"யாரையுமே கேக்கலையா?" இது கனகவதி.

"சுதாகரக் கேட்டேன் மேடம். கிளாஸ்ல அவன்தான் கெட்டி. கீழ ஒண்ணும் இல்ல, மேல இருக்கறபடியே போடுன்னான். பாவம், எங்களுக்கு முன்னாடி அவன் போர்டுதான் எரிஞ்சிருக்குது. வெளிய சொல்ல வெக்கப்பட்டுகினு சும்மா இருந்துட்டான்."

பேச்சில் பேர் அடிபட்டதும் சுதாகர் எழுந்து வந்தான். நன்றாகப் படிய வாரிய தலை, பணிவான குரல். தோளில் மாட்டிய பையைக் கழற்றாமலே நின்றான். "மேடம், எங்க வூட்ல ரெண்டு தறி ஓடுது. காலையில அப்பாவுக்கு ஒத்தாச பண்ணிட்டு, பஸ்ஸப் புடிச்சி வந்து படிக்கறேன். எனக்குப் போய் இந்த மாதிரி துரோகம் பண்ணிட்டாளேன்றதுதான் வருத்தம்."

"கஷ்டந்தான்," என்றார் கனகவதி. பிறகு பாலசந்திரனிடம் திரும்பி, "புது போர்டு ஒண்ணு இருக்கா? அன்புச்செல்வி, நீ வரைஞ்ச படத்தைப் பார்த்து, நீயே இதுல ஒயர் வை. நாங்க பாக்கறோம்."

எல்லோரும் சுற்றி நின்றார்கள். அன்புச்செல்வி போர்டை வாங்கினாள். மேசைமேல் அதைக் குப்புறப் போட்டாள். படத்தை ஒரு பார்வை பார்த்து, இடது ஓட்டையில் சிவப்பு, வலது ஓட்டையில் கருப்பு என்று வைத்து ஈயத்தால் பற்றவைத்தாள். பேட்டரியை இணைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. புகை வரும் என்று எதிர்பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் மெல்லக் கையை எடுத்தார்கள்.

இளவரசன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அட, பேஜாரு! பக்கம்னா பேஜு இல்ல மேடம், சைடு! கடையில மொதலாளி கத்துவாரு, நல்ல பக்கம் கீழ கெடக்குது பாரு, திருப்பிப் போடுடான்னு. புடவையோட நல்ல பக்கம்!"

"அதத்தான் எழுதியிருக்கேன்," என்றாள் அன்புச்செல்வி, இதில் கூச்சல் போட என்ன இருக்கிறது என்பதுபோல. "எங்க தறியில நெய்யறப்ப நல்ல பக்கம் கீழதான் இருக்கும். நாம பாத்துகினு நெய்யறது பின்பக்கம். போர்டுலயும் ஒயர பத்த வைக்கறது பின்பக்கந்தானே? அதான் பின்பக்கத்துலேர்ந்து பாத்து வரைஞ்சேன்."

மற்றவர்கள் முன்பக்கத்திலிருந்து பார்த்து அதையே வைத்திருக்கிறார்கள். தகட்டைத் திருப்பினால் இடது வலதாகிவிடும், பிளஸ் மைனஸாகிவிடும்.

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"ஏன் செஞ்சேன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. எப்பிடி செஞ்சேன்னு யாரும் கேக்கலியேண்ணா."

பாலசந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிலா ஓடிவந்து அன்புச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுதாகர்கூடப் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினான். "தெரியாம நடந்தது மேடம். பரவால்ல. நான் புகார வாபஸ் வாங்கிக்கறேன்."

கேஸ் முடிந்தது என்று இளவரசன் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தான். கனகவதி நகரவில்லை.

"வாங்க, தாளாளர் ரூமுக்குப் போகலாம். சுதாகர், நீயும் வாப்பா. வாபஸ் வாங்கறதை அவர்கிட்டயே சொல்லிடு."

*

தாளாளர் லோகநாதனுக்கு ரைஸ்மில் இரண்டு, பாலிடெக்னிக் ஒன்று. மூன்றுக்கும் ஒரே மேசை. அதன் ஒரு கோடியில் சாம்பிள் அரிசி சின்னச் சின்னக் கிண்ணங்களில் இருந்தது; மறு கோடியில் மாணவர் பட்டியல்.

கனகவதி நடந்ததைச் சொன்னார். லோகநாதன் கேட்டுக்கொண்டே ஒரு கிண்ணத்து அரிசியை விரலால் அளைந்தார். "ஆக, யார் மேலயும் தப்பில்ல. நல்லதாப் போச்சு."

"இன்னும் முடியலைங்க." கனகவதி கைக்குட்டையைப் பிரித்து ஆறாவது தகட்டை மேசைமேல் வைத்தார். "இது உன்னோடதுதானே சுதாகர்?"

"ஆமா மேடம்."

"உன் வீட்டுல ரெண்டு தறி. நல்ல பக்கம் கீழேன்னா என்னன்னு இந்தக் கிளாஸ்லயே அன்புச்செல்வியை விட்டா உனக்குத்தான் தெரியும். அப்புறம் எப்படி நீ தப்பா வச்சே?"

"அவசரத்துல... யோசிக்கல மேடம்."

"சரி, சென்சார் எங்க?"

"எரிஞ்சதும் புடுங்கி எறிஞ்சிட்டேன்."

கனகவதி தாளாளர் பக்கம் திரும்பினார். "எரிஞ்ச கடைக்குள்ள போனா நான் முதல்ல சாமி படம் மாட்டியிருந்த சுவத்தைத்தான் பார்ப்பேங்க. படம் இருக்கிறப்ப தீப்பிடிச்சிருந்தா, படத்துக்குப் பின்னாடி சுவர் வெள்ளையா இருக்கும். அந்த இடமும் கருப்பா இருந்தா, தீ வர்றதுக்கு முன்னாடியே யாரோ சாமியைப் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம். மத்த அஞ்சு போர்டுலயும் சென்சாரைத் தூக்கினா அடியில பச்சைப் பசேல்னு இருக்கு. இதுல பாருங்க."

லோகநாதன் தகட்டை வாங்கிக் கண்ணருகே பிடித்தார். சென்சார் இருந்திருக்க வேண்டிய இடம் மற்ற இடத்தைப் போலவே கரியேறிக் கிடந்தது.

இளவரசன் சுதாகரின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புடவை பிடித்துப்போன கஸ்டமர் அந்தப் புடவையைப் பார்க்கவே மாட்டாள். ஆனால் வேறு யாராவது அதைத் தொட்டுவிடப் போகிறார்களோ என்று கை மட்டும் அந்தப் பக்கம் நகரும். சுதாகரின் கை தோள்பையின் ஜிப்பை மூடிக்கொண்டது.

"சார்," என்றான் இளவரசன் பாலசந்திரனிடம், "பையன் டிபன் எடுத்தாந்துகிறானான்னு கொஞ்சம் பாருங்களேன். மொகம் வாடிப்போய்க் கெடக்குது."

பையில் டிபன் பாக்ஸ் இருந்தது. டிபன் பாக்ஸில் இட்லி இல்லை. இன்னொரு போர்டு இருந்தது. நடுவில் வெள்ளை வெளேரென்று சென்சார். பாலசந்திரன் பேட்டரியைத் தொட்டதும் பச்சை விளக்கு எரிந்தது.

"சும்மா ஒரு போர்டுதான் எரிஞ்சிது சார், ஆளு எரியலியே," என்றான் சுதாகர். பணிவு எங்கேயோ இறங்கிப் போயிருந்தது. "நான் படத்த மாத்தல. பொய்யா ஒண்ணும் எழுதல. அவங்க தப்பாப் படிச்சிகினாங்க, நான் திருத்தல. அவ்ளோதான்."

"திருத்தலையா? கேட்டவளுக்கு அப்படியே போடுன்னு சொல்லியிருக்கே," என்றார் கனகவதி. "அஞ்சு பேருக்கு நாளைக்குக் காட்டக் கருவி இல்ல. ஆறாவது ஆள் பேரை அடிக்கப் புகார். ஏழாவது ஆளா நீ மட்டும் டிபன் பாக்ஸைத் திறப்பே. சந்தேகம் வரக்கூடாதுன்னு உன்னோடதையும் எரிச்சே. ஆனா நல்ல சாமானைக் கொளுத்த மனசு வரல."

பாலசந்திரன் கண்ணாடியை மறுபடி கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை. "நீ கேட்டிருந்தா நானே உனக்குச் சிபாரிசு பண்ணியிருப்பேனேடா," என்றார். சுதாகர் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

*

லோகநாதன் சுதாகரின் பேரை அடித்தார். பேனாவை மூடினார்.

"அன்புச்செல்வி பேரு சார்?" என்றார் பாலசந்திரன்.

"அது கஷ்டம் வாத்தியாரே. பட்டியல் மத்தியானமே மெயில்ல போயாச்சு. ஒரு பேரை எடுத்தோம், சரி. எடுத்ததைத் திருப்பிச் சேர்த்தா, என்னடா இது காலேஜா கத்திரிக்கா கடையான்னு கேப்பான். பொண்ணு அடுத்த வருஷம் பாத்துக்கட்டும்."

கனகவதி இளவரசனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு, விரித்துப் போடு என்று அர்த்தம்.

இளவரசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மொதலாளி சொல்றது நியாயங்க. பேர சேக்க வாணாம். நாளைக்குக் காலையில கம்பெனிக்காரங்கோ முன்னாடி, மைக்குல, நீங்களே அந்தப் பொண்ணுகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டா போதும்."

"என்ன விளையாடறியா?"

"மைக்கு வாணாம்னா வுடுங்க. கேட்டுல ஒரு நோட்டீசு. நடந்தது இன்னான்னு பெரிய எழுத்துல. ரோட்ல போற பஸ்ஸு நின்னு படிச்சிகினு போவட்டும்."

"அதெல்லாம் முடியாதுப்பா!"

"அதுவும் கட்டுப்படி ஆவலியா?" இளவரசன் பெருமூச்சு விட்டான். நஷ்டத்துக்கு விற்கப்போகிறவனின் பெருமூச்சு. பத்து வருஷம் பழகிய சரக்கு. எழுந்து வாசல்வரை போய், நிலைப்படியில் நின்று திரும்பினான். "சரி, உங்க மொகத்துக்காக. கம்பெனிக்கு இன்னொரு மெயிலு. பழைய பட்டியல்ல தப்பு, இதுதான் சரின்னு ஒரே வரி. மன்னிப்பு கெடயாது, நோட்டீசு கெடயாது. இதுக்கு மேல என்னால எறங்க முடியாதுங்க."

லோகநாதன் நெல் வாங்குகிறவர், யார் எந்த விலையில் ஆரம்பிக்கிறார்கள், எங்கே வந்து நிற்கத்தான் ஆரம்பித்தார்கள் என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. மீசை ஓரம் லேசாக அசைந்தது.

"எந்தக் கடையில இருந்தே நீ?"

"எந்தக் கடையிலயும் இப்ப இல்லீங்க."

"அதானே பாத்தேன்," என்று சொல்லி, கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்புச்செல்வி என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'ச்' எங்கே இருக்கிறது என்று பாலசந்திரன் எட்டிக் காட்டினார்.

ஸ்கூட்டர் நிறுத்திய இடத்துக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருந்தது. எதிரே நிலாவும் வேறு நான்கு பேரும் புதுப் போர்டுகளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடினார்கள்.

"என்னாம்மா, எங்க ஓட்டம்?"

நிலா ஓட்டத்தை நிறுத்தாமலே செல்போனை நீட்டினாள். கூட்டுப் பையில் அன்புச்செல்வி போட்டிருந்தாள்: என்கிட்ட சென்சார் ஒண்ணு நல்லா இருக்குது. நாளைக்கு ஒருத்தர் காட்டி முடிச்சதும் கழட்டி அடுத்தவங்க போர்டுல மாட்டிக்கலாம். எல்லாரும் உடனே லேபுக்கு வாங்க, ஒயர் வைக்கணும். சந்தேகம்னா கேளுங்க, நான் இங்கதான் உக்காந்துகினு இருக்கேன்.

இளவரசன் அதை இரண்டு தடவை படித்தான். "போட்டிக்கு வரவங்களுக்கே சரக்கு குடுக்கறா மேடம். இந்தப் பொண்ணு கடை வச்சா ஒரு வாரம் தாங்காது."

"அதனாலதான் வேலைக்குப் போறா," என்று சொல்லிவிட்டு, கனகவதி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.